ச்சி நாட்டு மோச்சு கோங்: "இறப்பு கி.மு. 751" என்று அட்டவணையில் போடலாமா?

மஞ்சளாறு

பண்டைச் சீனச் சிற்றரசுகளின் ஆட்சியாளர் வரிசையைத் தமிழில் தொகுக்கும் வேலை நடக்கிறது. சென், சாவ் இரண்டும் முடிந்தன. ச்சி நாட்டில் வந்து நிற்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஷான்டோங் பக்கம் பேரரசு போல வளர்ந்த ச்சி வேறு, இந்தச் ச்சி வேறு. அது இரண்டாம் தொனி, இது மூன்றாம் தொனி, எழுத்தும் வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் இந்த இழையில் அதைப் "பெரிய ச்சி" என்றே குறிப்போம்.

சௌ வம்சத்து மன்னர் வூ, முந்தைய ஷாங் வம்சத்தை வென்ற பிறகு, சியா வம்சத்து யூவின் வழிவந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, முன்னோர் படையலைத் தொடர்ந்து நடத்தச் சொல்லி நிலம் கொடுத்தார். அவர்தான் டொங்லோ கோங். கோங் என்பது பட்டம். அவர் மகன் சீலோ கோங், அவர் மகன் தி கோங், அவர் மகன் மோச்சு கோங், அவர் மகன் வூ கோங். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் முதல் மூவருக்கும் வெறும் கேள்விக்குறிதான். நாலாமவருக்கு மட்டும் "? – கி.மு. 751" என்று இருக்கிறது. இந்த 751 எங்கிருந்து வந்தது?

கணக்கன்

எந்தப் பழைய நூலிலும் அந்த எண் இல்லை. வூ கோங்கின் முதலாண்டு 750 என்று பின்னாலிருந்து எண்ணிக் கண்டுபிடித்தார்கள். மகன் 750-ல் தொடங்கினால் அப்பா 751-ல் இறந்திருக்க வேண்டும் என்று ஒன்றைக் கூட்டிப் போட்டுவிட்டார்கள். எண்ணும் முறையைச் சொல்கிறேன், தாளில் போட்டுப் பாருங்கள்.

ச்சி நாட்டுக்குச் சொந்த ஆண்டேடு எதுவும் மிஞ்சவில்லை. நமக்கிருக்கும் நம்பகமான பிடி லூ நாட்டு ஆண்டேடு, அதாவது சுன்ச்சியூ. கி.மு. 722 முதல் 481 வரை போகிறது. அதில் பதிவான சூரிய கிரகணங்களை வானியல் கணக்கோடு ஒப்பிட முடிகிறது. முதல் கிரகணம் லூ யின் கோங்கின் 3-ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 720 பிப்ரவரி 22. ஆகவே லூ ஆண்டுகளைக் கி.மு.வுக்கு மாற்றுவதில் தயக்கம் வேண்டாம். ஷி கோங் ஆண்டென்றால் 660-லிருந்து கழிக்கவும். சியாங் கோங்குக்கு 573, ஜாவ் கோங்குக்கு 542, டிங் கோங்குக்கு 510, ஐ கோங்குக்கு 495.

ச்சி ஆட்சியாளர்களின் இறப்புகள் அந்த ஏட்டில் இப்படி வருகின்றன:

ஷி 23 → 637, செங் கோங்
சியாங் 6 → 567, ஹுவான் கோங் (இயற்பெயர் கூரொங்)
சியாங் 23 → 550, சியாவ் கோங்
ஜாவ் 6 → 536, வென் கோங்
ஜாவ் 24 → 518, பிங் கோங்
டிங் 4 → 506, தாவ் கோங்
ஐ 8 → 487, ஷி கோங் (லூவின் ஷி அல்ல, ச்சியின் ஷி)

இனி ஷிஜி என்ற ஹான் காலத்து வரலாற்று நூலின் 36-ஆம் அத்தியாயத்தில் அதன் ஆசிரியர் சீமா ச்சியேன் தரும் ஆட்சிக்காலங்களை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சியாவ் 17, வென் 14, பிங் 18, தாவ் 12, ஷி 19. 567-ஐ அடுத்து எண்ணினால் 550, 536, 518, 506, 487 என்று ஒன்றுகூடப் பிசகாமல் விழும். கீழ்ப்பகுதி இரும்பு மாதிரி. தாவ் கோங்குக்குப் பின் யின் கோங் சில மாதம்தான் இருந்தார், தம்பி கொன்றுவிட்டார். அதனால் அவருக்குத் தனி ஆண்டு விழாது.

தகராறு ஹுவானில் ஆரம்பிக்கிறது. ஷிஜி அவருக்குக் கொடுப்பது 17 ஆண்டு. ஆண்டேட்டின்படி செங் இறந்தது 637, ஹுவான் இறந்தது 567. அப்படியானால் 70.

சும்மாவந்தவன்

637 − 567 = 70 சரி. ஆனால் ஹுவானின் முதலாண்டு 636 என்றுதானே எல்லாரும் போடுகிறார்கள்? 636 − 567 = 69 தானே வருகிறது?

கணக்கன்

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். ஆட்சியாண்டு எண்ணும்போது முதலாண்டும் கடைசியாண்டும் இரண்டுமே சேரும். 636-ஐ 1 என்று வைத்தால் 567 எழுபதாவது. செங் இறந்தது 637-இன் பதினோராம் மாதத்தில் (பழைய சீன நாட்காட்டியில்). அந்த ஆண்டின் மிச்ச நாட்கள் இறந்தவர் பேரிலேயே ஓடும். புதியவரின் "முதலாண்டு" அடுத்த புத்தாண்டில்தான் பிறக்கும். இறந்த ஆண்டையே இரண்டு பேருக்கும் கொடுத்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வருடம் உபரியாக ஏறும். பதினைந்து பேர் வரிசையில் அதுவே பதினைந்து வருடப் பிழை.

ஷிஜியின் 17-ஐ அப்படியே நம்பி மேலே ஏறுவோம். ஹுவான் 583–567. அவருக்கு முன் தெ 18: 601–584. கோங் 8: 609–602. (ஆமாம், அவர் பெயர் கோங் கோங். முதலாவது இறப்புக்குப் பின் தந்த சிறப்புப் பெயர், இரண்டாவது பட்டம்.) ஜிங் 23: 632–610. வூ 47: 679–633. ஆக வூ கோங் ஏழாம் நூற்றாண்டு ஆளாகிவிடுகிறார். 637-ல் இறந்த செங்குக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

சுவடிப்பூச்சி

17-ஐக் கண்ணை மூடிக்கொண்டு நிராகரிக்கலாம், சாட்சி இருக்கிறது. ஸோ உரை (லூ ஆண்டேட்டுக்கு எழுந்த பழைய விளக்கநூல்) ஹுவான் கோங்கைப் பெயர் சொல்லியே லூ அவைக்கு வந்ததாக 633-லும், 615-லும், 573-லும் பதிவு செய்கிறது. முதல் வருகைக்கும் கடைசிக்கும் நடுவே மட்டும் 60 ஆண்டு. இன்னொன்று: 629-ல் ச்சியில் வாழ்க்கைப்பட்ட லூ இளவரசி போ ஜி, மகனுக்குப் பெண் கேட்டுப் பிறந்த வீட்டுக்கு வருகிறார். அந்த மகன் ஹுவான்தான் என்றால் 629-ல் மணமாகாத இளைஞர், 567 வரை இருந்ததில் அதிசயம் இல்லை.

17 எப்படி வந்தது? சீன எண் எழுத்தைப் பார்த்தால் புரியும். பதினேழு என்பது "பத்து-ஏழு", எழுபது என்பது "ஏழு-பத்து". இரண்டு எழுத்து இடம் மாறினால் போதும். அதிலும் பழைய எழுத்தில் ஏழு என்பது ஒரு சிலுவைக் குறி. ஹான் காலத்தில் பத்தும் சிலுவைதான். ஏழுக்குப் படுக்கைக் கோடு நீளம், பத்துக்குச் செங்குத்துக் கோடு நீளம், வித்தியாசம் அவ்வளவே. மூங்கில் பட்டையில் மை மங்கிப்போன இரண்டு சிலுவைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எது முன், எது பின் என்று படி எடுப்பவர் எப்படிச் சொல்வார்?

செங் கோங் காணாமல் போனதற்கும் இதே மாதிரி இயந்திரத்தனமான காரணம்தான். தாங் காலத்து உரையாசிரியர் சீமா ஜென் ஷிபென் என்ற மரபுப் பட்டியலை வைத்து, ஷிஜியில் செங் என்ற ஒரு தலைமுறை விழுந்துவிட்டது என்று குறிப்பெழுதினார். ஷிஜி "தெ" என்று சொல்பவரை ஷிபென் "ஹுயி" என்கிறது. செங், ஹுவான் இருவரும் அவர் பிள்ளைகள். இப்போது ஷிஜி வாக்கியத்தைப் பாருங்கள்: "தெ கோங் 18-ஆம் ஆண்டு இறந்தார், தம்பி ஹுவான் கோங் கூரொங் பட்டமேறினார்." யாருடைய தம்பி? தெவின் தம்பி என்றால் ஷிபென்னோடு மோதுகிறது. நடுவே "மகன் செங் கோங் பட்டமேறினார். செங் கோங் 18-ஆம் ஆண்டு இறந்தார்" என்று சேர்த்துப் படியுங்கள். "தம்பி" என்ற சொல் கச்சிதமாக உட்காரும். அப்பாவும் 18, மகனும் 18. படியெடுப்பவரின் கண் முதல் "18-ஆம் ஆண்டு இறந்தார்"-இலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிட்டது.

கணக்கன்

அந்த இரண்டு திருத்தமும் செய்து மறுபடி ஏறினால்: ஹுவான் 636–567, செங் 654–637, தெ (ஹுயி) 672–655, கோங் 680–673, ஜிங் 703–681, வூ 750–704. இதுதான் இன்று எல்லாரும் போடும் வரிசை. 719-ல் ஜ்யூ நாட்டார் ச்சியைத் தாக்கி மோலோ என்ற ஊரைப் பிடித்ததாக லூ ஆண்டேடு சொல்கிறது; அது வூ கோங் காலத்தில் விழும்.

ஒன்றை மறக்க வேண்டாம். 637-க்குக் கீழே 487 வரை ஒவ்வொரு எண்ணும் இரண்டு சாட்சியில் நிற்கிறது. அதற்கு மேலே 18, 18, 8, 23, 47 எல்லாம் ஒற்றைச் சாட்சி. 750 என்பதை "சுமார்" என்ற சொல்லோடு எழுதுவதே முறை.

மஞ்சளாறு

சரி, வூ 750 என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மோச்சு கோங் "சௌ மன்னர் லி காலத்தவர்" என்று ஷிஜியே சொல்கிறதே? லி மன்னரை மக்கள் துரத்தியது 841.

கணக்கன்

அதுதான் வெடிப்பு. லி அரியணை இழந்தது 841, வெளியூரில் கிடந்து இறந்தது 828. மோச்சு கோங் பச்சைக் குழந்தையாக 841-ல் பட்டமேறினார் என்று தாராளம் காட்டினாலும் 751 வரை 90 ஆண்டு ஆள வேண்டும். 828 என்று இழுத்தாலும் 77. அதற்குப் பிறகு மகன் 47. அப்பாவும் மகனுமாக 841-லிருந்து 704 வரை 137 ஆண்டு என்றால் யார் நம்புவார்?

பக்கத்து நாட்டோடு ஒப்பிடுங்கள். சென்னில் 841-க்கும் 750-க்கும் நடுவே யோ, ஷி, வூ, யி, பிங், வென் என்று ஆறு பேர். அதே நேரத்தில் ச்சியில் ஒரே ஒருவரா?

மேல் பக்கமும் இழுபறிதான். ஷாங் வீழ்ச்சி 1046 என்று கொண்டால் 841 வரை 205 ஆண்டு. அந்தக் காலத்தில் சௌ மன்னர் குடும்பத்தில் வூ முதல் லி வரை 9 தலைமுறை. சாவில் 6, சென்னிலும் லூவிலும் 5. ச்சியில் 4. அதாவது தலைமுறைக்கு 51 ஆண்டு. 5 என்பதே முக்கல் முனகல்தான், 4 தேறவே தேறாது.

சும்மாவந்தவன்

அப்படியானால் ஷிஜி சொன்னது முழுப் பொய் என்று எறிந்துவிடலாமே. டொங்லோ என்றால் கிழக்கு மாடம், சீலோ என்றால் மேற்கு மாடம். மோச்சு என்ற எழுத்துக்களுக்குப் "பெண்ணெடுக்க ஆலோசித்தல்" என்று பொருள். ஒரு அரசனுக்கு இப்படியா பேர் வைப்பார்கள்? உட்கார்ந்து புனைந்த மாதிரி இருக்கிறது.

சுவடிப்பூச்சி

அந்தப் பெயர்களின் விகாரம்தான் அவற்றுக்குச் சாதகமான சாட்சி. பின்னால் வந்த ஒருவர் உட்கார்ந்து புனைந்திருந்தால் வூ, வென், செங், காங் என்று அழகான சிறப்புப் பெயர்களை எடுத்து அடுக்கியிருப்பார். வூ கோங்குக்குப் பிறகு எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. முதல் நாலும் அந்தப் பட்டியலில் சேராதவை. டொங்லோ, சீலோ ஊர்ப்பெயராகலாம்; 719-ல் பறிபோன மோலோவின் "லோ"வும் ஒலியில் நெருங்கிய எழுத்து. மோச்சு என்பது இயற்பெயரை ஒலிக்காக மட்டும் எழுதியது போல இருக்கிறது. பொருள் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

மோச்சு கோங்கைப் பற்றி ஷிஜியில் உள்ள மொத்தச் செய்தி மூன்று குட்டி வாக்கியம். தி கோங் மோச்சு கோங்கைப் பெற்றார். மோச்சு கோங் சௌ லி மன்னர் காலத்தில் இருந்தார். மோச்சு கோங் வூ கோங்கைப் பெற்றார். சீனத்தில் 20 எழுத்து. அதில் 9 எழுத்து அவர் பெயரும் பட்டமுமே. மீதம் 11 எழுத்தில் ஒரு அரசனின் வாழ்க்கை. சீமா ச்சியேனே ச்சி பகுதியின் கடைசியில் கையைக் கழுவிவிடுகிறார்: ச்சி சிறியது, அற்பமானது, அதன் செயல்களை எடுத்துச் சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை என்கிறார். 841-லிருந்து தொடங்கும் அவருடைய ஆண்டு அட்டவணையில் சென், சாவ், சாய் எல்லாம் தனித்தனிப் பத்தியாக வருகின்றன. ச்சிக்குப் பத்தி கிடையாது. பத்தி இருந்திருந்தால் இந்த ஓட்டை அவர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, "லி மன்னர் காலம்" சரி, மோச்சுவுக்கும் வூவுக்கும் நடுவே மூன்று நான்கு பேர் விழுந்துவிட்டார்கள். செங் விழுந்த அதே அத்தியாயம் என்பதால் இது அதிசயமில்லை. இரண்டு, வரிசை சரி, லி என்ற ஒப்பீடு தவறு. அவர் எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி ஆள். மூன்று, "பெற்றார்" என்பது வெறும் ஒட்டுச்சொல்; கையில் கிடைத்த ஐந்து பெயர்களை அதை வைத்துக் கோத்திருக்கிறார்கள். என் சாய்வு முதலாவதுக்கு.

வெண்கலமணி

ஏட்டை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் முடியாது, பாத்திரங்களையும் கொஞ்சம் பாருங்கள்.

ச்சி என்ற பெயர் சௌவுக்கு முன்பே உண்டு. ஷாங் மன்னர் வூ டிங் காலத்தில் குறிகேட்கும் எலும்புகளில் பொறித்த எழுத்துகளில் "ச்சியின் ஹௌ" வருகிறார் (ஹௌ என்பதும் ஒரு பட்டம்). ஆகவே டொங்லோ கோங் ஒன்றுமில்லாத இடத்தில் குடியேறவில்லை. அவருக்குத் தந்த இடம் யோங்ச்சியூ, இன்றைய ஹெனான் மாகாணம் கைஃபெங் பக்கத்து ச்சி வட்டம்.

ஆனால் 719-ல் பறிகொடுத்த மோலோ ஷான்டோங்கில். நடுவே நாடே கிழக்கே நகர்ந்திருக்கிறது. எப்போது? 1986-ல் ஷான்சி மாகாணம் அன்காங்கில் கிடைத்த ஷி மி குய் என்ற வெண்கலப் பாத்திரம் இதற்கு உதவும். சௌ நடுக்காலம், லி மன்னருக்கு முந்தையது. தெற்கத்தியக் கூட்டமொன்று "ச்சி யி", "சௌ யி" (மன்னர் வம்சத்துச் சௌ அல்ல, எழுத்து வேறு) என்பவர்களோடு சேர்ந்து கிழக்கு நாடுகளைத் தாக்கியதாகவும், மன்னர் படை அனுப்பியதாகவும் அதில் இருக்கிறது. யி என்பது கிழக்கத்திய அயலாரைச் சொல்லும் சொல். அந்தச் ச்சி நம் ச்சிதான் என்றால், அப்போதே கிழக்கே இருந்திருக்கிறார்கள், சௌ அவையின் கண்ணில் அயலாராகவும் மாறியிருக்கிறார்கள். பிற்காலத்தில் ஹுவான் கோங் யி முறைப்படி வணங்கியதால் லூ ஆண்டேடு அவரை "போ" என்ற பட்டத்தோடு எழுதாமல் "ஸி" என்று ஒரு படி இறக்கி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அடுத்தது நம் ஆளைத் தொடுகிற இடம். 19-ஆம் நூற்றாண்டில் ஷான்டோங்கின் சின்தாயில் ஒரு கொத்துப் பாத்திரம் வெளிவந்தது. டிங், குய், ஹு, யி (கைகழுவ நீர் ஊற்றும் கலம்) என்று பல வகை. எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்: ச்சியின் போவாகிய மெய்வாங், ஜு நாட்டுச் சாவ் குலப் பெண்ணுக்காகச் செய்தது, பிள்ளைகளும் பேரர்களும் என்றென்றும் பயன்படுத்துக. ஜு நாட்டின் ஆளும் குலம் சாவ், அதனால் அது மனைவி. சின்தாயிலிருந்து ஜு நாடு நூறு கிலோமீட்டருக்குள். பழைய யோங்ச்சியூவிலிருந்து என்றால் சம்பந்தம் பேசவே எட்டாத தூரம்.

இந்த மெய்வாங்தான் மோச்சு என்று ஒரு கருத்து உண்டு. பாத்திரங்களின் வடிவம் மேற்குச் சௌ காலக் கடைசியிலிருந்து, "வசந்த-இலையுதிர்" என்று பெயர்பெற்ற அடுத்த காலகட்டத்தின் தொடக்கம் வரை என்று மதிக்கப்படுகிறது. கி.மு. 800-ஐ ஒட்டி, முன்னே பின்னே.

சும்மாவந்தவன்

பெண்ணெடுக்க ஆலோசித்தவர் பெண்டாட்டிக்குப் பாத்திரம் செய்து கொடுத்திருக்கிறார். பொருத்தம் பத்துக்குப் பத்து!

வெண்கலமணி

சிரிக்கலாம், சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒலி ஒப்புமை பாதிதான் தேறுகிறது. "மெய்"யும் "மோ"வும் பழஞ்சீன உச்சரிப்பில் நெருங்கியவை, அதில் சண்டையில்லை. "வாங்"கும் "ச்சு"வும் ஒட்டவே ஒட்டாது. போதாக்குறைக்கு அந்த இரண்டாம் எழுத்தை வாங் என்று படிப்பதா, ரென் என்று படிப்பதா என்பதிலேயே தகராறு. ரென் என்றாலும் ச்சுவுக்கு உதவாது. ஷிஜியின் பெயர் சிதைந்தது என்றால்தான் இணைப்பு நிற்கும். சிதைந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் எந்தப் பெயரையும் எதோடும் ஒட்டலாம்.

இணைப்பு உண்மையானால் சுவடிப்பூச்சியின் இரண்டாம் வழிக்குப் பலம் கூடும். வடிவக் காலம் எட்டாம் நூற்றாண்டை நோக்கித்தான் சாய்கிறது. என் ஓட்டு "தீர்மானிக்க முடியாது".

மஞ்சளாறு

ஒரு துணைக்கேள்வி. 710-ல் "ச்சியின் ஹௌ" லூ அவைக்கு வந்தார் என்று ஒரு பதிவு பார்த்தேன். அதை வூ கோங் வரிசையில் சேர்க்கலாமா?

சுவடிப்பூச்சி

அடைப்புக்குறி போட்டுச் சேருங்கள். லூ ஆண்டேட்டின் ஸோ மரபுப் பிரதியில்தான் ச்சி. கோங்யாங் என்ற இன்னொரு உரை மரபின் பிரதியில் அதே இடத்தில் ஜி என்ற வேறு நாடு இருக்கிறது. இரண்டு எழுத்துக்கும் வலப்பக்க உறுப்பு ஒரே சாயல். இடப்பக்கம் ஒன்றில் மரம், மற்றதில் நூல். ச்சியைத் தேடுபவர் ஒவ்வொரு பதிவிலும் இந்த ஜியை விலக்கிவிட்டே மேலே போக வேண்டும்.

கணக்கன்

வால் பகுதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அட்டவணை போடும்போது கவனியுங்கள். ஷி கோங்குக்குப் பின் வந்த மின் கோங்கின் 15-ஆம் ஆண்டில் சூ நாடு சென் நாட்டை அழித்தது என்கிறது ஷிஜி. ஷிஜி கணக்கில் அது 479. மின் 16-ல் கொலை, ஐ கோங் (ச்சியின் ஐ, லூவின் ஐ அல்ல) 10, அடுத்தவர் 12, கடைசி ஜியான் கோங் 1. கூட்டினால் 455-ல் ச்சி முடிய வேண்டும். ஆனால் அதே பத்தி, சூ ஹுயி மன்னரின் 44-ஆம் ஆண்டு, சென் அழிந்து 34 ஆண்டு கழித்து என்று சொல்லி 445-ல் முடிக்கிறது. உள்ளேயே பத்து ஆண்டு பிசகு. சரி, 15-ஆம் ஆண்டு 479 என்றால் மின்னின் முதலாண்டு 493 ஆகவேண்டும். அவருக்கு முந்தியவர் இறந்ததோ 487. அதனால் "15-ஆம் ஆண்டு" என்பதே கேள்விக்குரியது. 487-லிருந்து நேராக இறங்கினால் மின் 486–471, ஐ 470–461, அடுத்தவர் 460–449, ஜியான் 448. அப்போதும் 445-க்கு மூன்று ஆண்டு குறைகிறது. முடிவாண்டு 445-ஐ மட்டும் உறுதியாகப் போட்டு, நடுவில் உள்ளவற்றுக்குச் "சுமார்" சேருங்கள்.

சும்மாவந்தவன்

வானம் இடிந்து விழுந்துவிடுமோ என்று தூங்காமல் கிடந்த ச்சி நாட்டுக்காரன் கதை லியேஸி நூலில் வருகிறதே, அதுவும் இந்தச் ச்சிதானே? அவன் பயந்தது வானத்துக்கில்லை, இந்த அட்டவணைக்கு என்று நினைக்கிறேன்.

கணக்கன்

இதே ச்சிதான். ஆனால் கணக்குப் பிரியர்களுக்கு அதைவிடச் சுவையான ச்சி கதை ஸோ உரையில் உண்டு.

544-ல் ஜின் நாடு மற்ற நாட்டார்களைக் கூட்டி ச்சிக்கு மதில் கட்டிக் கொடுத்தது. ஜின் பிங் கோங்கின் தாய் ச்சி நாட்டுப் பெண், அதனால் வந்த கரிசனம். மறு ஆண்டு, 543 இரண்டாம் மாதம் "குய்வெய்" நாளில், மதில் வேலைக்குப் போன ஆட்களுக்கு அந்த அம்மையார் சாப்பாடு போட்டார். பந்தியில் ஜியாங் ஊர்க் கிழவர் ஒருவர். பிள்ளையில்லாததால் தாமே வேலைக்கு வந்தவர். வயது கேட்டார்கள். எனக்கு வருடக் கணக்கு தெரியாது. பிறந்த ஆண்டின் முதல் நாள் "ஜியாஸி", அன்றிலிருந்து 445 ஜியாஸி ஆகிவிட்டது, கடைசிச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு ஓடியிருக்கிறது என்றார்.

ஜியாஸி என்பது அறுபது நாள் சுற்றின் முதல் நாள். (நம்ம ஊர் பிரபவ, விபவ போல ஆண்டுச் சுற்று என்று நினைத்தால் கணக்கு கெடும். இது நாள் சுற்று.) 445 ஜியாஸி என்றால் முழுச் சுற்று 444. 444 × 60 = 26,640. கடைசிச் சுற்றின் மூன்றிலொரு பங்கு 20 நாள். மொத்தம் 26,660. அதை 365¼-ஆல் வகுத்தால் 73-க்கு மயிரிழை குறைவு. அவையிலிருந்த அறிஞர்கள் அவர் பிறந்தது 616 என்று சொல்லிவிட்டார்கள்: 616 − 543 = 73. அறுபது நாள் வரிசையில் குய்வெய் எத்தனையாவது என்று விரல்விட்டுப் பாருங்கள். இருபதாவது. கிழவர் சொன்ன மூன்றிலொரு பங்கு நாள் பிசகாமல் நிற்கிறது.

ஹுவானுக்கு 70 என்று நான் அடித்துச் சொல்வதும் இந்த ஏட்டின் இத்தகைய நாள் கணக்கை நம்பித்தான்.

மஞ்சளாறு

எல்லாருக்கும் நன்றி. வரிசையை இப்படி எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

டொங்லோ கோங்: சௌ வூ மன்னர் காலம், யோங்ச்சியூ
சீலோ கோங்: காலம் இல்லை
தி கோங்: காலம் இல்லை
மோச்சு கோங்: சௌ லி மன்னர் காலம் (ஷிஜி மட்டும்). 751 நீக்கம். மெய்வாங் கருத்து அடிக்குறிப்பில்
வூ கோங்: சுமார் 750–704
ஜிங்: சுமார் 703–681
கோங்: சுமார் 680–673
தெ (ஷிபென்னில் ஹுயி): சுமார் 672–655
செங்: சுமார் 654–637, ஷிஜியில் விடுபட்டவர்
ஹுவான்: 636–567, ஷிஜியில் 17 ஆண்டு

சுவடிப்பூச்சி

இரண்டு திருத்தம். செங்குக்குத் தொடக்கம்தான் "சுமார்", முடிவு 637 உறுதி. அதைத் தனியாகக் காட்டுங்கள். அடுத்தது, மோச்சுவுக்கும் வூவுக்கும் நடுவே "மகன்" என்று கோடு இழுக்காதீர்கள். ஷிஜி "பெற்றார்" என்று சொன்னதை அடிக்குறிப்பில் வைத்துவிட்டு, அட்டவணையில் ஒரு வெற்று வரிசை விடுங்கள்.

வெண்கலமணி

யோங்ச்சியூவை முதல் வரிசையில் மட்டும் போடுங்கள். ஊருக்குத் தனிப் பத்தி வைத்து நாலு பேருக்கும் அதையே நிரப்பினால், ஷி மி குய் சொல்வதற்கு எதிராக நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

மஞ்சளாறு

மாற்றிவிட்டேன். வெற்று வரிசையில் "841-க்கும் 750-க்கும் இடையே பெயர்கள் விடுபட்டிருக்கலாம்" என்று போட்டிருக்கிறேன். சென் அட்டவணையிலிருந்து அந்த ஆறு பேரையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்துப் பத்தியில் ஏற்றுகிறேன்.